தார் ரோட்டுக்கு மேலே ஒரு பால்வாடி

பால்வாடி டீச்சருக்கு முதல் தகுதி பாட்டுப் பாடத் தெரிவது என்று என்னைத் தேர்ந்தெடுத்த அன்று சொன்னார்கள்; யாரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். இதே வேலையில் இதே மாதிரி தொண்டை வற்றிப்போன அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

நான் பீளமேட்டில் ஒரு மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். மினி பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் இறங்கி முக்கால் மணி நேரம் மேடு ஏறினால் நான் வேலை பார்க்கும் பதி வரும். இருளர்கள் தங்கள் ஊரைப் பதி என்றுதான் சொல்வார்கள். ஒற்றை அறை, ஒரு அடுப்பு, பதினேழு பிள்ளைகள். சமைக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அதே பதியைச் சேர்ந்த ரங்கி அக்கா. எனக்கு முன்னால் வந்த டீச்சர்கள் யாரும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லையாம். நான் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

முட்டை ஏறாத மேடு

முட்டையும் சத்துமாவும் கொண்டுவரும் வேன் டிரைவர், தார் ரோடு முடியும் இடத்திலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். மேலே மண்பாதைதான். ஆனால் தேங்காய் ஏற்றும் டெம்போ தினமும் ஏறி இறங்குகிற பாதை. நானும் ரங்கி அக்காவும் முட்டை அட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுவோம். போய்ச் சேர்வதற்குள் நாலைந்தாவது உடையும். உடைந்த முட்டை எந்தப் பிள்ளையுடையது என்று நீங்களே சொல்லுங்கள். ஆபீசில் முறையிட்டேன். “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா” என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை அட்ஜஸ்ட் பண்ணுவதை நிறுத்தினேன். பிள்ளைகளையும், அன்று வேலைக்குப் போகாத அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். ரோடு முடியும் இடத்தில் பாயை விரித்து, “இன்னைக்குப் பால்வாடி இங்கதான்” என்று எல்லோரையும் உட்காரவைத்தேன். வேன் வந்தது. பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு டிரைவரையே பார்த்தார்கள். அவர் ஹாரன் அடித்தார். ஒருத்தரும் அசையவில்லை. என்னை ஒரு தடவை, மேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாங்கள் வழி விட்டதும் வண்டியை மேட்டில் ஏற்றினார். பால்வாடி வாசலில் கடைசி அட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க டீச்சர், நீங்க நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எறக்கிப்போட்டுப் போயிருப்பனுங்க. இத்தனை புள்ளைங்க ஒண்ணாச் சேந்து பாத்தா வண்டியை எப்படீங்க திருப்பறது?”

பொருந்தாத முகம்

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குச் சத்துமாவு பாக்கெட் கொடுக்க வேண்டுமென்றால் இப்போது அவர்கள் தங்கள் முகத்தைச் செல்போனில் காட்ட வேண்டும். பழைய போட்டோவோடு பொருந்தினால்தான் போன் சம்மதிக்கும். எங்கள் பதியில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையின் மேல். கைக்குழந்தைக்காரியை அந்தப் பாறைமேல் ஏற்றி, போனைத் தூக்கிப் பிடித்து, “கண்ணைச் சிமிட்டு அம்மணி” என்று கெஞ்சுவதும் என் வேலைதான். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

மருதிக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதம். எத்தனை தடவை காட்டியும் முகம் பொருந்தவில்லை என்றே போன் சொன்னது. போட்டோ அவள் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதில் இருந்த கன்னம் இப்போது அவளிடம் இல்லை. நான் பாக்கெட்டை அவள் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினேன். அன்று பார்த்துச் சூப்பர்வைசர் மேடம் வந்திருந்தார். “போன் ஏத்துக்காம எப்படிக் குடுத்தீங்க? நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்?” என்று சத்தம் போட்டார். “எழுதிக் கேளுங்க மேடம், எழுதியே பதில் தாரேன்” என்றேன். மருதி பாக்கெட்டையும் குழந்தையையும் ஒன்றாக அணைத்துக்கொண்டு கேட்டாள்: “அடையாளமே தெரியாத அளவுக்கு நான் எளச்சுப்போட்டன்னா, எனக்குத்தானுங்களே மாவை மொதல்ல குடுக்கோணும்?”

ஆப்பிள் படம்

ஊட்டச்சத்துக் கூட்டத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். நல்ல மனுஷி, வெயிலில் நடந்தே ஏறி வந்தவர். சுவரில் பளபளவென்று ஒரு படத்தை மாட்டினார். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை. “தினமும் ஏதாவது ஒரு பழம் குழந்தைக்குக் குடுங்க” என்றார். பெண்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த வெள்ளியம்மாள் மட்டும் எழுந்து நின்றாள். அவள் தோட்டங்களில் பாக்கு உரிக்கப் போகிறவள், அதிகம் பேசமாட்டாள். அவள் பேசி முடித்ததும் கோயம்புத்தூர் அம்மா அந்தப் படத்தைக் கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னார். வெள்ளைப் பக்கத்தில் ராகியும், கீரையும், காட்டுக்கிழங்கும் நாங்களே வரைந்தோம். இன்றும் அதுதான் தொங்குகிறது. வெள்ளியம்மாள் கேட்டது இதுதான்: “இந்தப் பழத்தையெல்லாம் நாங்க கண்ணுல பாத்ததே இல்லீங்க. எங்க புள்ளைங்க தின்னு வளந்த கெழங்கைக் காட்டுல தோண்டப் போனா பாரஸ்ட்காரங்க வெரட்டறாங்க. அதுக்கு எந்தப் படத்தைங்க மாட்டுவீங்க?”

ஒரு கிலோ

பொன்னிக்கு இரண்டு வயது. தராசில் ஏழரைக் கிலோதான் காட்டியது. வளர்ச்சி அட்டையில் அது சிவப்புக்கட்டம். சூப்பர்வைசர் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எட்டரைன்னு போட்டுக்கோங்க. சிவப்பு கூடக்கூட மீட்டிங்ல என்னைத்தான் நிக்க வெச்சுக் கேக்கறாங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அவருடைய பயத்தை அந்தக் குழந்தையா சுமக்க வேண்டும்? அவர் கண்ணெதிரேயே ஏழரை என்று பேனாவால் எழுதினேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிச் சீட்டும் வாங்கினேன்.

பொன்னியின் அப்பா காளியப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் குழந்தையை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். “குளிச்சுட்டு வரமாட்டீங்களா?” என்று யாரோ விரட்டியதில் வராந்தாவிலேயே இரண்டு நாள் கிடந்து, குழந்தையைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். “நானும் கூட வாரேன். உங்களை வராந்தாவுல நிக்க விடமாட்டேன்” என்று மட்டும் சொன்னேன். லீவு போட்டுவிட்டுப் போனேன். சேர்க்கிற இடத்தில் ஒருத்தர் மூக்கைச் சுளித்தார். “கட்டில் குடுங்க, அப்புறம் சுளிச்சுக்குங்க” என்றேன். கட்டில் கிடைத்தது. முதல் நாலு நாள் குழந்தை கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் அம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்தது. அவள் அம்மா அழ, நானும் அழுதேன்.

ஒரு மாதம் கழித்துத் தராசு எட்டரையைத் தொட்டது. காளியப்பன் மகளைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு நீங்க ஒரு கிலோ கூட்டி எழுதியிருந்தா அது நோட்டுலதானுங்க இருந்திருக்கும், டீச்சர். இப்ப என் கையில இருக்குது.”

கீழே கொண்டுபோகும் உத்தரவு

போன வருஷம் யானை வந்து பால்வாடியின் பின்சுவரை இடித்து, அரிசியையும் மாவையும் தின்றுவிட்டுப் போனது. யானை மேல் எனக்குக் கோபமில்லை, அதற்கும் பசி. அடுத்த வாரம் வந்த செய்திதான் கோபப்படுத்தியது: கட்டடம் இல்லாததால் எங்கள் மையத்தை மூடி, கீழ் ஊர் மையத்தோடு சேர்க்கப்போகிறார்களாம். கீழ் ஊரில் எங்கள் பிள்ளைகளுக்குத் தனிப்பாய் போடுவார்கள் என்பது பதியில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் புங்கமரத்தடியில் அடுப்பை மூட்டி வழக்கம்போல் நடத்தினோம்.

உத்தரவோடு ஆபீசரம்மா நேரில் வந்தார். தராசையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கச் சொன்னார். “ஒப்படைக்கறேன் மேடம். அதுக்கு முன்னால இந்தப் புள்ளைங்களோட ஒரே ஒரு நாள் அந்த மையத்துக்கு நீங்களே நடந்து பாருங்க” என்றேன். முறைத்தார், ஆனால் நடந்தார். பாதி வழியில் மூன்று வயதுக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. ரங்கி அக்காவுக்கும் அப்படியே. மிச்சமிருந்த ஒன்றை ஆபீசரம்மாவே தூக்கினார். ஓடையைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கீழே போய்ச் சேர்ந்ததும், எங்கள் பிள்ளைகளைப் பார்த்த ஒரு பெண் யாரும் சொல்லாமலே மூலையில் தனிப்பாய் ஒன்றை விரித்தாள். ஆபீசரம்மா அந்தப் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்தார். எங்கள் மையத்தை மூடும் உத்தரவு அவருடைய கைப்பைக்குள் போனது, பிறகு வெளியே வரவே இல்லை. மழைக்கு முன்பே பின்சுவர் எழுந்துவிட்டது. ஆனால் அன்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பைத் தேடிய ஆபீசரம்மாவின் கையில் குழந்தையைத் திரும்பக் கொடுத்து ரங்கி அக்கா சொன்னதைத்தான் நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்: “எங்கீங்க கெளம்பீட்டீங்க? எறக்குனது நீங்கதானுங்க, ஏத்தி உடறதும் நீங்கதானுங்க.”

ஒன்பது வருஷத்தில் சிறந்த பணியாளர் விருது ஒன்றுகூட எனக்கு வரவில்லை, விளக்கம் கேட்டு வந்த கடிதங்கள்தான் பீரோவில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன, அடுத்த தட்டையும் காலி பண்ணியே வைத்திருக்கிறேன்.