அக்கா மகளும் ஆவடி பேனரும்

அக்கா மகள் யாழினி எந்த கோச்சிங் கிளாஸுக்கும் போகாமல், பழைய வினாத்தாள்களையும் மாடி வீட்டு அண்ணன் கொடுத்த புத்தகங்களையும் வைத்துப் படித்தே ஜே.இ.இ.யில் தேறிவிட்டாள்.

செய்தி கேட்டதும் திருமுல்லைவாயிலில் ரயில்கள் நின்று மரியாதை செலுத்தின. அது ஸ்டேஷன், எப்போதும்தான் நிற்கும் என்று யாரும் வாதாட வேண்டாம்.

இன்று காலை நான் அக்கா வீட்டில் இருந்தபோது ஒரு கோச்சிங் சென்டர்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

"சார், பாப்பா போட்டோ ஒண்ணு குடுங்க. எங்க மாணவின்னு ஆவடி முழுக்க பேனர் வெச்சிடறோம்."

நான் மனதுக்குள் பேனருக்கு அளவே எடுத்துவிட்டேன். திருநின்றவூரில் ரயில் ஏறுகிறவனுக்கும் அவள் மூக்குத்தி தெரிய வேண்டும்.

யாழினி கேட்டாள்: "அண்ணா, நான் உங்ககிட்ட படிக்கவே இல்லையே?"

"அது சும்மா ஒரு வரிதானேம்மா."

"ரெண்டு வருஷம் தனியா முட்டி மோதிப் படிச்சது நான். 'இவர் எங்களிடம் படிக்கவில்லை'ன்னு அந்த வரியை மாத்திப் போடுங்க, போட்டோ தரேன்."

அக்கா கொடுத்த காபியை மிச்சமில்லாமல் குடித்து முடித்தார் மனிதர். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்தார். ஸ்வீட் பாக்ஸும் அவரோடு கிளம்பிவிட்டது.

என் நெஞ்சு விரிந்த வேகத்தில் சட்டைப் பொத்தான்கள் இரண்டு பட்டாபிராம் பக்கம் பறந்துவிட்டன. கண்டெடுத்தவர்கள் தெரிவிக்கவும்.

பேனரை நானே அடிக்கப்போகிறேன். மேலே, 'யாரிடமும் படிக்காத மாணவி' என்று அவள் படம். கீழே, 'ஒரு கணக்குகூடச் சொல்லித்தராத தாய்மாமன்' என்று என் படம்.

யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் வீட்டில் தகராறு. நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.