பின்னால் தம்பி

அந்த அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்டென்ஷன் அக்கா என்று பெயர். நானூற்றுப் பன்னிரண்டு உள் எண்களும் நாக்கு நுனியில் இருக்கும். இருபத்தாறு வருஷமாகத் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால், அன்றைக்கு அந்த ஆளுக்கு ஒரு அழைப்பும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

வீட்டிலிருந்து அலுவலகம் இரண்டு தெரு, ஒரு சிக்னல். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக வருவாள், தனியாகப் போவாள். ஒரு காலத்தில் தெரு முழுக்க வடிகால் தோண்டிப் போட்டிருந்தபோதுகூட, ஒற்றைப் பலகை மேல் நடந்து வந்தவள் அவள். அந்தக் கதையை அலுவலகத்தில் கேட்காத காது கிடையாது. “தனியா வந்தேன்” என்று சொல்லும்போது மட்டும் அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் புதிதாக வந்த நிர்வாக அதிகாரி. மனுஷன் நல்லவர், தொல்லையே அதுதான். பாதுகாப்பை முன்னிட்டு, பார்வையில்லாத ஊழியர்கள் இனிமேல் கேமரா பொருத்திய கோலுடன் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பியூன் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவார் என்று சுற்றறிக்கை விட்டார். அங்கே பார்வையில்லாத ஊழியர் அவள் ஒருத்திதான்.

“ஒருத்திக்கு எதுக்கு சார் சுற்றறிக்கை? என் காதுலயே சொல்லியிருக்கலாமே” என்று நேரே போய்க் கேட்டாள்.

கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு மாதம் அந்தக் கோலோடு நடக்கட்டும். அது உதவாது என்று அவள் நிரூபித்துவிட்டால் பழைய கோல், பழைய தனிநடை. இல்லையென்றால் கேமராவோ பியூனோ, இரண்டில் ஒன்று.

கோலைக் கொண்டுவந்தது அதைச் செய்த கம்பெனியின் பொறியாளர், சின்னப் பெண். கைப்பிடிக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. அதில் முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா. பார்த்ததைச் சொல்லக் காதில் ஒரு பொத்தான். எக்ஸ்டென்ஷன் அக்கா கோலை வாங்கி இடமும் வலமுமாக வீசி நாலு எட்டு நடந்தாள். டப்பா, “சுவர், நாற்காலி, சுவர், நாற்காலி” என்று ஜன்னி கண்டதுபோல் உளறியது.

“ஏம்மா, இதைச் செய்யுறப்போ கோலை ஆட்டியே பார்க்கலையா?”

“ஆட்டணுமா மேடம்? நாங்க நேரா பிடிச்சுத்தான்...”

“குடை மாதிரியா? சரியாப் போச்சு போ!”

இரண்டு வருஷம் உழைத்தார்களாம். பார்வையில்லாத ஒரு ஆள் கோலை எப்படிப் பிடிக்கிறார் என்று அரை மணி நேரம் நின்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த பிள்ளைகளாம், வெங்காயம்! அந்தப் பெண் அலுவலகத்தில் பழகியவர்களின் முகங்களையும், வீட்டில் இருக்கும் தம்பியின் முகத்தையும் டப்பாவில் ஏற்றிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து டப்பாவின் குற்றப்பட்டியலை பிரெய்லில் குத்திக்கொண்டே வந்தாள். மர நிழலைப் பார்த்துப் பள்ளம் என்று அலறியது. தண்ணீர் தேங்கிய நிஜப் பள்ளத்தைப் பார்த்துப் பாதை தெளிவு என்றது. வரவேற்பறையில் முதலாளியின் ஆளுயர அட்டைப் படத்துக்கு முன்னால், “ஆள் நிற்கிறார், சிரிக்கிறார், காத்திருக்கவும்” என்றது. உயிரோடு வந்தாலே சிரிக்காத மனுஷன்! போதாக்குறைக்கு, வண்டிச் சத்தம் கேட்க வேண்டிய காதில் இந்தச் சனியனின் பேச்சு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. முதல் நாளே சிக்னலில், “பின்னால் தம்பி” என்றது. நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் தூங்குமூஞ்சியா? நாற்பத்தைந்து வயதுத் தடிமாடு. வீட்டில் உட்கார்ந்து மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன். அவள் கிளம்பும் நேரத்துக்குப் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். அந்த மாதத்தில் பதினொரு தடவை அப்படிச் சொன்னது. பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

மாதக் கடைசியில் அதிகாரியின் அறையில் பட்டியலை விரலால் தடவி வாசித்தாள். அதிகாரி ஒவ்வொன்றுக்கும், “அப்படியா?” என்று இறங்கிக்கொண்டே போனார். தம்பி விஷயத்தைக் கடைசியாக வைத்திருந்தாள். சொல்லி முடித்ததும், அங்கே வந்திருந்த பொறியாளர் பெண் பக்கமிருந்து லேப்டாப்பைத் தட்டும் சத்தம்தான் கேட்டது.

“மேடம், அது ஒருத்தர் பேரைச் சொல்றப்பல்லாம் படம் எடுத்து வெச்சுக்கும். இப்பப் பார்த்தேன். பதினொண்ணுலயும் அவர் இருக்காரு. கொஞ்சம் தள்ளி வர்றாரு. செருப்பைக் கையில வெச்சிருக்காரு.”

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. டீக்கடைக்காரன், சிக்னல் போலீஸ்காரர், “தனியாவா வர்றீங்க, பலே!” என்று தினமும் சொல்லும் வாட்ச்மேன், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தெருவுக்கே தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. இத்தனை நாள் நிமிர்ந்த கழுத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் அவமானமாக இருந்தது.

“அப்போ துணை தேவைப்பட்டிருக்குதானேம்மா” என்றார் அதிகாரி, மிருதுவாக. அந்த மிருதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. மேஜையைத் தடவித் தொலைபேசியை இழுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வீட்டு எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

“டேய், காலையில என் பின்னாடி வர்றியா?”

“யாருக்கா சொன்னது? டீக்கடைக்காரனா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“வர்றேன்.”

“எத்தனை நாளா?”

“வடிகால் தோண்டினாங்கல்ல, அப்பலேருந்து. பதினாலு வருஷம் இருக்கும். நீ ஆபீசுக்குள்ள போனதும் வந்து படுத்துக்குவேன்.”

“எதுக்குடா? எத்தனை தரம் என்னைப் பிடிச்சு நிறுத்தினே? மறைக்காம சொல்லு.”

“பிடிக்கிறதா? நல்லாக் கேட்டே! அந்தப் பலகை மேல நீ பாட்டுக்கு விறுவிறுன்னு போயிட்டே. நான் பின்னாடி நாலு கால்ல தவழ்ந்து வந்தேன். முதல் வாரம் பயத்துல வந்தேன், ஒத்துக்கறேன். அப்புறம் சும்மா நீ நடக்குறதப் பார்க்கத்தான். பதினாலு வருஷத்துல ஒரு தரம்கூடக் கிட்ட வர்ற வேலையே நீ வைக்கலியேக்கா.”

 அவள் கோலிலிருந்து டப்பாவைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

“கேட்டீங்கல்ல சார்? உங்க டப்பா பார்த்தது ஒரு மாசம். இவன் பார்த்தது பதினாலு வருஷம். இதையும் பட்டியல்ல சேர்த்துக்குங்க. ஏம்மா, அந்தக் கடைசிக் குற்றத்தை மட்டும் அடிச்சுடு. உன் டப்பா சொன்ன ஒரே உண்மை அதுதான்.”

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

“டேய், லைன்ல இருக்கியா? நாளையிலேருந்து செருப்பைப் போட்டுக்கிட்டு வா. கால்ல ஆணி ஏறினா உன்னைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய எனக்கு நேரம் கிடையாது.”

“சரிக்கா.”

“கிட்ட வந்துடாதே. இதே மாதிரி தள்ளியே வா.”