ஆரிஃபாவின் மன்திக் பாடம்

கிருஷ்ணகிரியில் ஒரு பெண்கள் மதரஸாவில், மன்திக் என்னும் தர்க்கப் பாடம் தொடங்கிய வாரத்திலேயே ஆரிஃபாவின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கணவன் முனீர், பர்கூரில் கிரானைட் பலகைகளுக்குப் பாலிஷ் போடுபவன். ஐந்து வருடமாகக் குழந்தையில்லை. 2005இல் அவனே சொன்னான்:

"உட்ட எடத்துல இருந்து படி. பஸ்ஸுல அரை மணி நேரந்தானே?"

சாயங்காலங்களில் அன்றைய பாடத்தை அவனிடம் ஒப்பிப்பாள். உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல இடமிருக்கும் பேச்சுக்குத்தான் கழிய்யா என்று பெயர். கேள்வியும் கட்டளையும் அதில் சேராது. முனீருக்கு இது பிடித்துப்போனது. "'டீ ஆறிப்போச்சு', இது கழிய்யா. 'டீ கொண்டா', இது இல்ல. சரியா?" என்று சீண்டுவான்.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது, நிற்கவில்லை. நெஞ்செல்லாம் கல்தூசி படிந்துவிட்டது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் ஆரிஃபாவைத் தனியே அழைத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினாள். சுவரில் சாய்ந்திருந்த முனீர் கேட்டான்:

"நான் பொழைச்சிக்குவேன். இது கழிய்யாதானே?"

"ஆமா மச்சான்."

"அப்ப உண்மையா, பொய்யா?"

அவள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "சூடா இருக்கறப்பவே குடிங்க."

முனீர் அவளையே பார்த்தான். "கெட்டிக்காரி. கட்டளை போட்டுத் தப்பிச்சிட்ட" என்றான். மறுபேச்சில்லாமல் குடித்து முடித்தான். பத்தொன்பதாம் நாள் இறந்துபோனான்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் ஆரிஃபா வீட்டைவிட்டு வெளியேறவில்லை. பக்கத்து வீட்டுக் காவேரிதான் காய்கறி வாங்கித் தருவாள். ஒருநாள் வாசற்படியில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"முனீர் அண்ணனுக்கு எல்லாம் தெரியும்க்கா. 'அவளப் போயி அப்படிக் கேட்டுட்டேனே, பாவம், அவ வாயால எப்படிச் சொல்லுவா'ன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட அழுதுச்சாம்."

ஆரிஃபா காய்கறிப் பையை வாங்கிக்கொண்டாள். அவனோடு சேர்ந்து அழுதிருக்கலாம். பொய் சொல்லக் கூடாதென்று கவனமாக இருந்து, அந்த வாய்ப்பைக் கைநழுவ விட்டுவிட்டாள்.

மதரஸாவுக்குத் திரும்பியபோது உடன் படித்தவர்கள் மன்திக் நூலை முடித்திருந்தார்கள். அவர்களிடம் குறிப்பேடு வாங்கி, விட்டுப்போனதை எழுதிக்கொள்ளச் சொன்னார் ஆசிரியை.

"வேண்டாங்க. முதல் பக்கத்துலருந்தே படிக்கிறேன்" என்றாள்.

புதிதாகச் சேர்ந்த பெண்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அன்றைய பாடத்தை வாய்க்குள்ளேயே ஒப்பித்தாள். பர்கூர் வந்ததும் இறங்கினாள்.