மணியம் அண்ணன் கொண்டுவந்த பாரம்

போன வாரம் நான் இங்கே பொங்கியதைப் படித்திருப்பீர்கள். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் புதிதாகக் கட்டிய கார் போர்ச் இடிந்து விழுந்ததும், “லைசென்ஸ் இல்லாத கான்ட்ராக்டர்களுக்கு அபராதம் போதாது, ஜெயிலில் போட வேண்டும்” என்று எழுதியிருந்தேன்.

இன்று காலை ஈப்போவில் ஹார்ட்வேர் கடைக்குப் பெயிண்ட் வாங்கப் போனேன். அங்கே மணியம் அண்ணன் நின்றிருந்தார். எங்கள் பழைய எஸ்டேட் தோட்டத்துக்காரர். என் வீட்டு அடுப்படியை நீட்டிக் கட்டியவர்.

கையில் ஒரு பாரம், விண்ணப்பப் படிவம்.

“தம்பி, நீ எழுதுனது சரிதான்லா. லைசென்ஸ் எடுக்கப் போறேன். முன்ன செஞ்ச வேலைய இதுல எழுதணுமாம். உன் அடுப்படியப் போடட்டுமா? நான் செஞ்சதுலயே நல்ல வேலை அது.”



அந்த அடுப்படிக்கு நான் மாநகர் மன்றத்தில் அனுமதியே வாங்கவில்லை. என் பெயரைப் போட்டால் நானும் மாட்டுவேன். அவரிடம் அன்று லைசென்ஸ் பற்றிக் கேட்டேனா? நம் தோட்டத்து ஆள், அது போதும் என்று விட்டுவிட்டேன். கேட்டதெல்லாம், “தீபாவளிக்குள்ள முடிஞ்சிருமாண்ணே?” என்பதுதான்.

“என் பேரு வேணாம்ணே. வேற வீட்டைப் போடுங்க” என்றேன்.

“பரவால்ல தம்பி” என்று பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை அழிக்கப் போனேன். அதற்கு முதல் லைக் போட்டிருப்பவர் மணியம் அண்ணன்.

அழிப்பதா, வைப்பதா? அப்படியே, ஜெயிலில் யாரைப் போடுவது என்பதையும் கீழே சொல்லிவிடுங்கள்.