அப்பா ஏறாத கப்பல்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. அன்று எங்கள் வாசலில் வந்து நின்று எங்களோடு அழுத உங்கள் கைகளில் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறோம். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மா இளைய மகளாகிய எனக்குத் தந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவள் எழுதினால் பிழை இருக்காது என்பது அவர்கள் எண்ணம்.

அப்பா ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார்கள். பாளையங்கோட்டையில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தார்கள். விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போனபிறகும், வீட்டில் கஞ்சிக்கு வழி இல்லாததால், அப்பா விடுதித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு அங்கேயே கிடப்பார்களாம். பிறகு தூத்துக்குடியில் ஒரு பஞ்சு வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அந்த வேலை அவர்களைக் கொழும்புக்கும், பினாங்குக்கும், கடைசியில் இரங்கூனில் ஓர் அரிசி ஆலைக்கும் கொண்டுபோனது.

ஒவ்வொரு முறை திருநெல்வேலிக்கு வீடு திரும்பும்போதும் எங்களுக்கென்று வாங்கியவற்றில் பாதி வழியிலேயே யாருக்காவது போய்ச் சேர்ந்திருக்கும். குளிரில் நடுங்கியவனுக்குக் கம்பளி, அழுத குழந்தைக்குப் பொம்மை. பெட்டியைத் திறக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் நாட்களில் அப்பா எங்களை விட்டு அகலமாட்டார்கள். அம்மா காய்ச்சலில் படுத்தபோது எனக்கும் அக்காளுக்கும் தலைவாரிப் பின்னிவிட்டது அப்பாதான். பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன் பின்னல் அவிழ்ந்துவிடும். மறுநாளும் அப்பாவிடமே போய் உட்காருவோம்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய வருஷம் அக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்ன கப்பலில் வருகிறேன் என்று அப்பா இரங்கூனிலிருந்து எழுதியிருந்தார்கள். வரவேண்டிய நாள் கடந்தது. பகைவரின் போர்க்கப்பல் வங்காளக் கடலில் சுற்றுகிறது, அகப்பட்ட கப்பல்களை மூழ்கடிக்கிறது என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. பெரியப்பா ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கப்பல் ஆபீசில் விசாரித்தார்கள். அந்தக் கப்பல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரியப்பா அன்பானவர்கள், ஆனால் எதிலும் கெட்டதை எதிர்பார்த்து முதலில் தயாராகிறவர்கள். திரும்பி வந்ததும், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கோயிலில் துக்க ஆராதனைக்கு ஏற்பாடு செய்யலாம் என்று மெல்லச் சொன்னார்கள். அம்மா பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். கையை நிறுத்தவில்லை.

"கப்பலக் காணலன்னுதான சொல்லுதாவ. அவிய போயிட்டாவன்னு யாரும் சொல்லலயே. நான் அதுக்குச் சம்மதிக்க மாட்டேன்" என்றார்கள்.

அக்காள் சாப்பாட்டை விட்டாள். தன் கல்யாணத்துக்காக வரப்போய்த்தானே அப்பாவுக்கு இப்படி என்று அவளுக்கு வேதனை. நான் ஜெபம் பண்ண உட்காருவேன், வார்த்தை வராது.

அப்படியிருக்க, ஒரு நண்பகலில், கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். அடையாளம் தெரியாத முகம். சேலையெல்லாம் பயண அழுக்கு. கணக்குப்பிள்ளை வீடு இதுதானா என்று கேட்டாள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அம்மா, அய்யா சொகமா இருக்காவ. அவிய கப்பல்ல ஏறல. அவிய எடத்துல என்னைய ஏத்திவிட்டாவ" என்றாள் அவள்.

அவள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரி. அவள் கணவன் அதே அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவன், காய்ச்சலில் இறந்துபோனான். யுத்த பயத்தில் எல்லாரும் ஊருக்குக் கிளம்பியதால் கப்பலில் இடமே இல்லை. துறைமுகத்தில் குழந்தையோடு அழுதுகொண்டு நின்றவளை அப்பா பார்த்திருக்கிறார்கள். தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் பயப்படுவார்கள், முதலில் அங்கே போய்ச் சொல்லிவிட்டு உன் ஊருக்குப் போ என்று அனுப்பியிருக்கிறார்கள். கப்பலோ ஆபத்தைக் கேள்விப்பட்டு வழியில் ஒரு துறைமுகத்தில் ஒதுங்கிக் கிடந்து, பல நாள் கழித்தே சென்னைக்கு வந்து சேர்ந்தது.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அக்காள் அந்தக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவளை மறுநாள் பெரியப்பாவே வண்டி வைத்து அவள் ஊரில் கொண்டுபோய் விட்டார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் கல்யாணத்தைத் தள்ளிவைக்க மனமார இசைந்தார்கள். அவிய வந்து கைப்பிடிச்சுக் குடுக்கட்டும், பந்தல் எப்பம் வேணும்னாலும் போடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு அப்பா வந்தார்கள். இளைத்துக் கறுத்திருந்தார்கள். அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டியபடியே கேட்டார்கள்:

"எங்கள ஒரு நிமிசம் நெனச்சியளா?"

"நெனச்சதாலதான் குடுத்தேன், ஏளா. அந்தப் புள்ள கைக்கொழந்தையோட நின்னது, நீ நிக்கது மாதிரி இருந்துச்சு" என்றார்கள் அப்பா.

அம்மா செம்பில் மறுபடியும் தண்ணீர் மொண்டு வந்தார்கள். இனிக் கடல் தாண்டமாட்டேன் என்ற வாக்கை மட்டும் பிறகு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அக்காள் கல்யாணத்தை முடித்துவிட்டு, அப்பா திருநெல்வேலியிலேயே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுத அமர்ந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பர்மியப் பாட்டுப் பாடித் தூங்கவைத்தார்கள். அந்த வருஷங்கள் எங்களுக்குக் கிடைத்தன என்பதே பெரிய ஆறுதல். அயல்நாட்டு மண்ணில் அடக்கமாகி, கல்லறை எங்கே என்றுகூடத் தெரியாதவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். எங்கள் அப்பா நாங்கள் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறார்கள்.

கடைசி மாதங்களில் மூச்சுத்திணறல் அவர்களைப் படுக்கவிடவில்லை. சுவரில் தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே இருந்தார்கள். அழைத்தபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், வாரந்தோறும் வந்து ஜெபித்த சபைக்குரு ஐயரவர்களுக்கும், எங்களைச் சற்றே கண்ணயரச் சொல்லிவிட்டு முறைபோட்டு அப்பாவுக்கு விசிறிய அண்டைவீட்டாருக்கும், பந்தல்கால் நட்டது முதல் பெட்டி சுமந்தது வரை உடனிருந்த உறவினருக்கும், ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அன்று காலை அப்பா தலையணைகளை எடுத்துவிடச் சொல்லிப் படுத்தார்கள். இரைப்பு மெல்ல அடங்கியது. உறங்குகிறார்கள் என்றே நினைத்தோம். தொட்டுப் பார்த்த அக்காள் வாய்விட்டு அலறினாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்:

"பைய அழுங்க. இன்னைக்குத்தான் காலை நீட்டிப் படுத்திருக்காவ."