சீர்ப் பட்டியலில் இல்லாதது

காலை பத்தேகால் மணிக்கு சீர்ப் பட்டியலை வாசித்து முடித்து, கதைப் புத்தகத்தில் வருவதுபோல் "முற்றும்" என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். காரியம் கெட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அத்தையும் அவள் புருஷனான மாமாவும் பிரிகிற நாள்; திக்காமல் வாசிப்பாள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை ஒரு தாளில் எழுதி வைப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். பிரிவதென்றால் அதே தாளை வாசித்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பார்கள். குத்துவிளக்கு, அண்டா, எவர்சில்வர் குடம் என்று நான் வாசிக்க வாசிக்க, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார் மாமாவின் அண்ணன்.

"கொழந்தையே முடிஞ்சிதுனு சொல்லிடுச்சு. கையெழுத்தப் போட்டுடலாம்" என்றார்.

அத்தை அசையவில்லை. ஆசிரியப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, செங்கம் சாலையில் ஒரு விடுதியில் ஐந்து வருடம் சமைத்து, மாமாவைச் சென்னையில் சட்டம் படிக்க வைத்தவள் அவள். கருப்புக் கோட்டு வந்த மறு வருடமே மாமாவுக்கு அவளோடு ஒத்துப்போகவில்லை.

"அஞ்சு வருஷம் நான் படிக்க வெச்சேன். நான் விட்ட படிப்ப முடிக்கிற வரைக்கும் அவரு எனக்குக் கட்டட்டும். அப்புறம் போடறேன்."

பெண்டாட்டி ஆக்கிப் போட்டதெல்லாம் பட்டியலில் வருமா என்று அண்ணன் கேட்டார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார் மாமா, அவள் படிக்க வைத்த சட்டத்தை வைத்தே. அப்பா என்னை முறைத்தார்.

போன மாதம் என் மகள், மருமகனின் மேற்படிப்புக்குத் தன் பேரில் கடன் வாங்கியிருப்பதாகப் பெருமையோடு சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கூடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பட்டியல் வாசித்த அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸில் ஏற முடியாமல் மாமாவின் அம்மா அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். மகன்கள் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை; அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு வந்திருந்தார். நேராக அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என் புள்ளையையும் அதுல எழுது கண்ணு. அவனும் இவ சம்பாதிச்ச சாமான்தான். வேணாம்னா வெலையக் குடுத்துட்டுப் போவட்டும்."

பித்தளைக்குக் கீழே எழுதுவதா, எவர்சில்வருக்குக் கீழே எழுதுவதா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா தன் அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல், "கட்டறேன்" என்றார்.

என் கேள்விக்குப் பயந்துதான் அவர் ஒத்துக்கொண்டார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.