ஏழாம் குழியின் வலப்பக்கம்

கடலோர ஊரான போர்ட் ஸ்கார்வியில் மீன் அறுக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். ரோனா மட்சுக்கு வலது தோள். மீனைப் புகையில் பதப்படுத்தும் கூடத்தில் முப்பத்தோரு வருடமாக நின்று, ஹேடக் மீனை ஒரே இழுப்பில் முள்ளிலிருந்து பிரித்தெடுத்த கை அவளுடையது. கத்தியை வெளியிலிருந்து உள்ளே இழுத்துப் பழகிய அந்தக் கை, கோல்ஃப் மட்டையைப் பிடித்தாலும் அப்படியேதான் இழுத்தது. அதனால் அவள் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பும்; பாதி தூரம் போனதும் மறந்துபோன வேலை ஒன்று நினைவுக்கு வந்ததுபோல வலப்பக்கம் திரும்பிவிடும்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவன் சாண்டிக்கு எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பலில் வேலை. நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் நாலு வாரமும் தூக்கம். பிள்ளைகள் இல்லை. அந்த ஊரில் தபால்காரர் வீட்டிலும் கோல்ஃப் மட்டைப் பை இருக்கும், வலை பின்னுகிறவர் வீட்டிலும் இருக்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மைதானம் பெண்களுக்கு. ரோனா வேலை முடிந்ததும் கையில் எலுமிச்சையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நேராக அங்கே போய்விடுவாள். அவளுடைய ஹேண்டிகேப் இருபத்தாறு. அதாவது ஒரு சுற்றை முடிக்க, கெட்டிக்கார ஆட்டக்காரரைவிட இவள் இருபத்தாறு அடி கூடுதலாக அடிக்க வேண்டும். கூட ஆடுகிறவள் ரொட்டிக்கடை நெட்டா கௌவி. அவளுடைய ஹேண்டிகேப் முப்பது. வாய் அதைவிட நீளம்.

ஏழாவது குழிக்குப் போகும் பாதையின் வலப்பக்கத்தில் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. அங்கிருந்த தேவாலயத்தை மணல் எப்போதோ விழுங்கிவிட்டது. மிஞ்சியது மார்பளவு கற்சுவரும், உள்ளே நாற்பது கல்லறைக் கற்களும்தான். எழுத்துகளை உப்புக்காற்று தின்றுவிட்டதால் யாருடைய கல் எது என்று யாருக்கும் தெரியாது. வாசல் கம்பிக்கதவில் சங்கிலி துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கிறது. பந்து சுவரைத் தாண்டினால் அது ஆட்டத்துக்கு வெளியே. தண்டம் ஏற்றுக்கொண்டு வேறு பந்து அடிக்க வேண்டும். மற்றவர்கள் உள்ளே போன பந்தை அதோடு தலைமுழுகிவிடுவார்கள். ரோனாவுக்கு மனசு வராது. சுவர் இடிந்த இடத்தில் காலை வைத்து ஏறி உள்ளே குதித்துவிடுவாள். இருபது வருடமாக இதே கதை. பந்தும் அநேகமாகக் கிடைத்துவிடும். உயரமான புல்லுக்குள் மறையாமல், ஏதாவது ஒரு கல்லின் அடியில், முட்டையை வைத்ததுபோலக் கண்ணில் படும்படி உட்கார்ந்திருக்கும். எடுத்துக்கொண்டு வெளியே ஏறும்போது ரோனா "நன்றி" என்பாள். கடையிலிருந்து கிளம்பும்போது சொல்கிற மாதிரிதான். அதைப்பற்றி அவள் யோசித்ததே இல்லை.

அந்த வருடம் ஏப்ரலில் அவளுடைய டிரைவர், அதாவது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கிற அந்த நீள மட்டை, தலையில் விரிசல் விட்டது. மைதானத்துக் கடையை நடத்தும் கிரெய்க் இம்லாக் அவளை வலைக்கு முன்னால் நிறுத்தி, முப்பது பந்து அடிக்கச் சொல்லி, இயந்திரத்தில் விழுந்த எண்களைப் பார்த்துவிட்டு இரண்டு மட்டைகளை எடுத்து வந்தான்.

"கருப்புல தலையோட குதிகால்ல, அதாவது கம்பி சேர்ற பக்கம், எடை வெச்சிருக்கான். உங்க பந்தை வலது பக்கம் ஓடவிடாம இழுத்துப் பிடிக்கும். நீலத்துக்குத் தலை பெருசு. எங்க பட்டாலும் மன்னிச்சிரும், பத்து கஜம் கூடவும் போகும். ஆனா அந்த வளைவு போகாது."

"எதை எடுக்கணும்னு நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க. ரெண்டையும் ரெண்டு ரெண்டு வாரம் ஆடிப் பாருங்க, ரோனா."

நெட்டா பக்கத்தில் நின்று மட்டைகளைத் தடவிப் பார்த்தாள். "ஒண்ணு திருத்துது, ஒண்ணு மன்னிக்குது. உன் வீட்ல தூங்கறது ரெண்டுமே பண்ணாதுடீ" என்றாள்.

முதல் செவ்வாய்க்கிழமை ரோனா கருப்பு மட்டையை எடுத்துப் போனாள். முதல் ஆறு குழிகளிலும் பந்து ஒருமுறைகூட வழி தவறவில்லை. ஏழாவதில், வலப்பக்க வளைவுக்கு இடம் விடும் வழக்கத்தை விட்டு, நேராக நின்று அடித்தாள். பந்து நேராகப் போய்ப் பாதையின் நடுவில் விழுந்தது. இருபது வருடத்தில் அந்த இடத்திலிருந்து அவள் இரண்டாவது அடி அடித்ததே இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் நடந்தாள். இடுகாட்டைத் தாண்டிப் பத்தடி போயிருப்பார்கள், பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

புல்லில் ஒரு பந்து கிடந்தது. மஞ்சளாகப் பழுத்த பழைய பந்து. அதில் நகப்பூச்சால் வைத்த இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அது ரோனாவின் அடையாளம். அந்த வகைப் பந்தை அவள் வாங்கி நிறுத்திப் பத்து வருடம் இருக்கும்.

எந்தக் குறும்புக்காரனோ உள்ளே ஒளிந்திருக்கிறான் என்று நெட்டா சுவரருகே போய்த் திட்டினாள். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். காலையில் பெய்த மழை புல் நுனிகளில் அப்படியே நின்றது. அதில் ஒருவர் நடந்த தடம் எங்கேயும் இல்லை. ரோனா பந்தைப் பையில் போட்டுக்கொண்டாள். மீதி குழிகளில் நெட்டா சுவர்ப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடினாள்.

அடுத்த செவ்வாய் மதியமே கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவிட்டது. இடுகாட்டுச் சுவர் கரிக்கோடு போலத்தான் தெரிந்தது. ரோனாவின் பந்து மறுபடியும் நேராகப் போயிற்று. அவர்கள் நடக்கும்போது சுவருக்குள்ளிருந்து டக், டக் என்று கேட்டது. கல்லின் மேல் பந்தைத் தட்டுகிற சத்தம். அவசரமே இல்லாத தட்டல். ரோனா நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் திரும்பத் தொடங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பந்துகள் சுவரின் மேலே வந்து, ஒரு நொடி அங்கேயே நின்று, இந்தப் பக்கம் விழுந்தன. மூன்றிலும் சிவப்புப் புள்ளிகள். நெட்டா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிற பாட்டு ஒன்றை முணுமுணுக்க ஆரம்பித்தாள். பத்தாவது குழிவரை நிறுத்தவில்லை.

சாண்டியிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, முயலாக இருக்கும் என்றான். அந்த வாரம் முழுக்க மீன் அறுக்கும்போதெல்லாம் ரோனாவுக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. பயம் இருந்தது, கூடவே, போகவேண்டிய வீட்டுக்குப் போகாமல் விட்டதுபோல ஓர் உறுத்தலும் இருந்தது. இருபது வருடமாக வந்து போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று வராமல் நின்றால், உள்ளே இருக்கிற யாரோ என்ன நினைப்பார்கள்? இப்படி ஓர் எண்ணம் தனக்கு வந்ததே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாவது செவ்வாய் நீல மட்டையின் முறை. பனிமூட்டம் இன்னும் கனமாக இருந்தது. ஏழாவதில் அவள் அடித்த பந்து நல்ல உயரம் ஏறி, பழைய புத்தியைக் காட்டி, வலப்பக்கம் வளைந்து சுவருக்கு அப்பால் மறைந்தது.

"வேணும்னே அடிச்சியா?" என்று நெட்டா கேட்டாள்.

"மட்டையைக் கேளு."

ரோனா சுவரின் இடிந்த இடத்தில் ஏறி உள்ளே இறங்கினாள். இறங்கியதும் கடல் சத்தம் அறவே நின்றுபோனது. அவள் வரிசையாகக் கற்களின் அடியில் தேடினாள், புல்லை விலக்கினாள். எப்போதும் முதல் பார்வையில் அகப்படும் பந்து அன்றைக்குக் கிடைக்கவில்லை. மூலையில் தட்டையாகப் படுத்திருந்த ஒரு கல் முழுக்கப் பாசி. அந்தப் பாசியில் காசளவு வட்டங்கள், ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில். பல வருடம் ஏதோ உட்கார்ந்திருந்து பாசியை வளரவிடாத வெற்றுக் கல். எண்ணினாள், பத்தொன்பது. சுவர் தாண்டி வந்த நாலு பந்தும் அவள் வீட்டில் இருந்தன. மற்றவை எங்கே என்று தெரியவில்லை. ஒரு வட்டத்தில் விரலை வைத்தாள். கல் சில்லென்று இல்லை. யாரோ அப்போதுதான் எழுந்துபோன நாற்காலிபோல இருந்தது.

அப்போதுதான் நெட்டாவின் குரல் வந்தது. மெதுவான குரல், அவள் குரல்போலவே இல்லை.

"ரோனா. வெளியே வா. உன் பந்து இங்க இருக்கு."

அவள் எப்படிச் சுவரேறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பாதையின் நடுவில், நேராக அடித்திருந்தால் விழுந்திருக்கும் இடத்தில், அன்றைக்கு அவள் பிரித்தெடுத்த புதுப் பந்து கிடந்தது. புல் நனைந்திருந்தது, அவர்கள் சட்டை நனைந்திருந்தது, மட்டையின் பிடிகூட நனைந்திருந்தது. பந்து மட்டும் காய்ந்திருந்தது. கையில் எடுத்தபோது சட்டைப்பையில் வைத்திருந்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

"யாரு கொண்டு வந்து வெச்சது?"

"நான் பாக்கல. உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." நெட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுவருக்கு உள்ள ரெண்டு தலை தெரிஞ்சுது, ரோனா. நீ குனியறப்பெல்லாம் அதுவும் குனிஞ்சுது. தேடுச்சு. நான் கூப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ஒரு தலை ஆச்சு."

அன்று அவர்கள் ஏழோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ரொட்டிக்கடையின் பின்னறையில் தேநீர் குடித்தார்கள். தன்னை எதிர்பார்த்திருப்பார்கள் என்று எண்ணித்தான் உள்ளே போனதாக ரோனா சொன்னாள். நெட்டா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "எதிர்பாத்திருந்தா உள்ளேயே வெச்சிருக்கும். வெளியே கொண்டு வந்து குடுத்தா என்ன அர்த்தம்? இனிமே தேடி வரவேண்டாம், போயிட்டு வான்னு அர்த்தம்" என்றாள். அப்படித்தான் என்று ரோனாவுக்கும் பட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பப்பட்ட விருந்தாளிக்கு வருகிற ஒரு சின்ன வருத்தமும் அதோடு சேர்ந்து வந்தது.

நீல மட்டையை ஒரு வாரத்திலேயே திருப்பிக்கொடுத்தாள். கிரெய்க் எண்களைக் காட்டி, இதில் பத்து கஜம் கூடுதல், இன்னொரு வாரம் ஆடிப்பார்த்தால் கை படிந்துவிடும் என்றான். கருப்பைக் கட்டிக் கொடு என்று மட்டும் சொன்னாள். ஆகஸ்டுக்குள் அவளுடைய ஹேண்டிகேப் இருபத்தொன்றுக்கு இறங்கியது. பெண்கள் போட்டியில் ஒரு வெள்ளிக் கரண்டி ஜெயித்து வந்தாள். சாண்டி அதைத் தேநீர் கலக்கப் பயன்படுத்தினான். சுவருக்கு மேலாக அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

ஏழாவதில் பந்து பாதையின் நடுவில் கிடந்தாலும், ரோனா இப்போதெல்லாம் இடுகாட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, இடப்பக்க ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் அதனிடம் போகிறாள். நெட்டாவும் அந்தப் பக்கமே நடக்கிறாள்.